பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) போடும்போது பாதியில் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலா நிற்கிறது, அல்லது இடம் மாறி மாறி நிற்கிறதா? ஒரே இடமென்றால் இறக்கிய கோப்பையோ பென்டிரைவையோ சந்தேகப்படலாம். இடம் மாறினால் றாமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தைப் பாருங்கள்.

எனக்கு நடந்தது இதுதான். அக்காவின் மகள் உயர்தரத்தில் ஐ.சி.ரி. படிக்கிறாள். அவளுக்காக பழைய கோர் 2 டுவோ கணினி ஒன்றை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்தோம். 1 ஜிபி றாம் இரண்டு இருந்தன. ஒருமுறை வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டத்தில் நின்றது, அடுத்தமுறை கோப்புகள் பாதி ஏறியதும் திரை உறைந்தது. கோப்புதான் பழுது என்று நினைத்து, 3 ஜிபிக்குக் கிட்ட வரும் அதை போன் டேட்டாவில் இரண்டாம் முறையும் இறக்கினேன். காசுதான் போனது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இறக்கிய கோப்பின் எஸ்.எச்.ஏ.256 எண்ணை (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் நீண்ட எண்) மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டாலே போதும்.

பிறகு வயரைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்தேன். உள்ளே முழுக்கக் கிரவல் றோட்டுப் புழுதி. றாமின் பொன்னிறப் பற்கள் கறுத்திருந்தன. அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் தட்டி, ஒவ்வொன்றாகப் போட்டு, றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டினேன். ஒன்று இரவு முழுக்க ஓடியும் பிழை இல்லை. மற்றதில் சில நிமிடங்களிலேயே பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள்! கிளிநொச்சியில் 2 ஜிபி ஒன்று வாங்கிப் போட்டதும் முதல் தடவையிலேயே நிறுவல் முடிந்தது. கடைக்குப் போகும்போது பழைய றாமைக் கையோடு கொண்டுபோங்கள். டி.டி.ஆர்.2 வகை றாம் இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.3 பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

அப்புறம் திகதியையும் பாருங்கள். எங்கள் கணினி நிறுத்தி எழுப்பும்போதெல்லாம் 2009க்குப் போய்விடும். அதனால் இணையத்தில் சான்றிதழ் பிழை, அப்டேட்டும் ஏறாது. மதர்போர்டில் திகதியை நினைவில் வைத்திருக்க உதவும் சி.ஆர்.2032 பற்றரியை மாற்றியதும் சரி வந்தது.

2 ஜிபி றாம்தான் இருக்கிறதென்றால் மின்டின் சினமன் பதிப்பு வேண்டாம், அதைவிட இலகுவான எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பைப் போடுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, 11 இந்த வயதுக் கணினிகளை ஏற்காது. ஆகவே லினக்ஸை விட்டுவிடாதீர்கள். எத்தனை ஜிபி றாம், எந்தெந்த இடத்தில் நின்றது என்று கீழே எழுதினால் சேர்ந்து பார்ப்போம்.