டீச்சரைக் கேளுங்கள்: கட்டிலில் அம்மா, இன்குபேட்டரில் தட்டு

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. பிஎச்.டி. பண்ணுகிறவர்கள், காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்கிறவர்கள், வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்ப்பவர்கள். பத்து கேள்விகளை அரைகுறையாகத் தொடுவதைவிட நாலைந்து கேள்விகளுக்கு உருப்படியாகப் பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

கேள்வி: டீச்சர், எனக்கு வயது 31. வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முழுநேர ஆராய்ச்சி, யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) உதவித்தொகை வருகிறது, நாலாவது வருஷம் ஓடுகிறது. போன ஆவணியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எனக்கு நாலு வயதில் பெண் குழந்தை. கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் வேலை. அண்ணன் திருப்பூரில் இருக்கிறார், பணம் அனுப்புகிறார், அவ்வளவுதான். பகலில் சித்தி வந்து அம்மாவோடு இருக்கிறார். கைடிடம் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "உனக்கு முன்னே மாதிரி ஈடுபாடு இல்லை" என்கிறார். பார்ட் டைமுக்கு மாறிவிடவா, அல்லது நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மணி. பார்ட் டைமுக்கும் அவசரப்பட்டு ஓட வேண்டாம். அந்த உதவித்தொகை முழுநேர ஆராய்ச்சிக்குத் தருவது, மாறிய மாதமே அது நின்றுவிடும். எஸ்.ஆர்.எஃப். (மூத்த ஆய்வாளர் உதவித்தொகை) என்றால் மாதம் 42,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து அந்தக் கணக்கு, வீட்டு வாடகைப் படி தனி. அம்மாவின் மருந்துக்கும் டயபருக்கும் அதிலிருந்துதானே போகிறது?

முதலில் உங்களிடம் எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். யு.ஜி.சி.யின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி பிஎச்.டி.க்குச் சேர்ந்த நாளிலிருந்து 6 வருஷம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருஷம் தரலாம், ஆக மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் உதவித்தொகை ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை), எஸ்.ஆர்.எஃப். இரண்டும் சேர்த்து 5 வருஷத்தோடு முடிந்துவிடும், காலத்தை நீட்டினாலும் பணம் கூடவே நீளாது. நாலாவது வருஷத்தில் இருக்கும் உங்களுக்கு நெருக்கடி அங்கேதான். அதனால் ஆய்வகத்தில் நின்றே ஆக வேண்டிய வேலையைப் பணம் வரும் காலத்துக்குள் முடித்துவிட்டு, எழுதுகிற வேலையை அப்புறம் வீட்டில் உட்கார்ந்து செய்யும்படி திட்டம் போடுங்கள். உங்கள் கைடும் இதைத்தான் சொல்லுவார், விஷயம் என்னவென்று அவருக்குத் தெரிந்தால்.

விடுப்பு இரண்டு வகையில் இருக்கிறது. உதவித்தொகை பெறுபவருக்கு அரசு விடுமுறை போக வருஷத்துக்கு 30 நாள். அதோடு பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு இரண்டுக்கும் சேர்த்து பிஎச்.டி. காலம் முழுவதிலும் 240 நாள் வரை தரலாம் என்று விதியில் இருக்கிறது. அதை மகளுக்காகக் கேட்கலாம், அம்மாவுக்காகக் கேட்க முடியாது. பெற்றவரைப் பார்த்துக்கொள்வதற்கென்று அந்த விதியில் ஒரு நாள்கூட இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. குழந்தை வருஷத்துக்கு வருஷம் தானாக நடக்கவும் சாப்பிடவும் பழகிக்கொள்ளும், படுத்துவிட்ட அம்மா அப்படியில்லை, இது விதி எழுதியவர்களுக்குத் தெரியாத விஷயமா? சரி, இருப்பதைக் கேளுங்கள். நாலு வயதுக் குழந்தைக்காக அந்த விடுப்பில் ஒரு பகுதியை எடுப்பது முழுக்க நியாயமானது. அந்த நாட்களுக்குப் பணம் வருமா, கடைசித் தேதி தள்ளிப்போகுமா என்று மட்டும் உங்கள் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள்.

எழுத்தில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தக் கதை. 1994-ல் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, சமாளித்துவிடலாம் என்ற வீம்புதான். அப்புறம் கால நீட்டிப்புக் கேட்டுப் போனால், அந்த அலுவலகத்தில் ஒருவர் "மாமியாருக்கா?" என்று சிரித்துவிட்டு, "அப்போது கொடுத்த கடிதம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. அந்த ஏழு மாதமும் காகிதத்தில் நான் சும்மா இருந்த ஏழு மாதமாகவே நின்றுவிட்டது.

உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. ஒவ்வொரு செமஸ்டரும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்னால் போய் முன்னேற்றத்தைச் சொல்கிறீர்கள் அல்லவா? அடுத்த கூட்டத்துக்கு முன்பே கைடுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பக்கவாதம் வந்த தேதி, டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல், வாரத்தில் எந்த நாள் ஆய்வகத்தில் முழுதாக இருக்க முடியும், எந்தச் சோதனை எந்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது, இவ்வளவு போதும். அழ வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். குழு "முன்னேற்றம் போதாது" என்று எழுதினால் காரணத்தையும் எழுத வேண்டும், சரிசெய்ய வழியும் சொல்ல வேண்டும். அதிலும் தேறாவிட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கும் அதிகாரம்கூட அந்தக் குழுவுக்கு இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் பக்கவாதம் என்று விழுவதும் ஈடுபாடு இல்லை என்று விழுவதும் ஒன்றா? "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்பதை அவர் காய்ச்சல் என்று நினைத்திருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆய்வக வேலையில் ஒரு யோசனை. நுண்ணுயிர் விதைத்து இன்குபேட்டரில் வைத்த தட்டை 24 மணி, 48 மணி கழித்துப் பார்த்தே ஆக வேண்டும், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் இன்குபேட்டர் காத்திருக்காது. அதனால் வெள்ளிக்கிழமை விதைக்காதீர்கள். திங்களோ செவ்வாயோ விதைத்தால் வாரத்துக்குள் முடியும். பக்கத்து மேசைக்காரரிடம் "நீ என் தட்டைப் பார், நான் உன் தட்டைப் பார்க்கிறேன்" என்று ஒப்பந்தம் போட்டு, யார் எப்போது பார்த்தார்கள் என்று ஆய்வக நோட்டில் கையெழுத்தோடு எழுதிவிடுங்கள், பின்னால் கட்டுரையில் பெயர் போடும்போது சண்டை வராது. கட்டுரை படிக்க பல்கலைக்கழகம் வரை வர வேண்டியதில்லை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட்டின் இன்ஃபெட் என்ற உள்நுழைவு வசதி வழியாக வீட்டிலிருந்தே இதழ்களைத் திறக்கலாம், உங்கள் நூலகத்தில் கணக்கு கேளுங்கள். வேலந்தாவளம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயும் படிக்கலாம், கிடைத்தால்.

இனி வீடு. கேரளத்துப் பக்கம் இருப்பதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, பயன்படுத்தினீர்களா என்று கடிதத்தில் இல்லை. 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் ஆரம்பித்த பாலியேட்டிவ் (வலி, வேதனை தணிக்கும் பராமரிப்பு) வேலை ஊர் ஊராகப் பரவி, 2008-ல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. இன்று பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவார், சிறுநீர்க் குழாய் மாற்றுவார், எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று சித்திக்குக் கற்றுக்கொடுப்பார். உங்கள் வார்டு ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் சொல்லி, குடும்ப ஆரோக்கிய மையத்தில் பெயர் பதியுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை முழுநேரமும் பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் திட்டமும் உண்டு. வருமான வரம்பு இருக்கிறது, சித்திக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். 600 ரூபாயில் என்ன ஆகும் என்பீர்கள், பார்ப்பவர் என்று ஒருவர் இருப்பதை ஓர் அரசாங்கம் ஒத்துக்கொள்கிறதே, எனக்கு அது பெரிது.

அம்மாவைக் கோயம்புத்தூருக்கே கூட்டிப்போகலாமா என்ற யோசனை வரும். அங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, பிரஷர், சர்க்கரை மாத்திரை, பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆனால் சித்தி அங்கே வருவாரா? என் ஓட்டு அம்மா இருக்கும் திண்ணைக்குத்தான்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007-ல் வந்தது, மகன் மகள் என்று பிரிக்கவில்லை. சட்டத்தை எடுத்து வீசச் சொல்லவில்லை, நம் குடும்பங்களில் அப்படிப் பேசினால் அண்ணி போனை வைத்துவிடுவார். "அண்ணா, உதவி பண்ணு" என்று கேட்காதீர்கள், "மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனி ஞாயிறு நீ வந்து அம்மாவோடு படு, எனக்கு அந்த நாலு நாள் தீஸிஸ்" என்று தேதியாகக் கேளுங்கள். பணம் அனுப்புகிறவர்களுக்குப் பணம் போதும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது, அது கெட்ட எண்ணத்தால் இல்லை, யாரும் அவர்களிடம் நாளாகக் கேட்டதில்லை.

கேள்வி: நான் களியக்காவிளைக்காரன், காலேஜ் ஆசிரியர், ஆராய்ச்சியும் செய்கிறேன். மனைவிக்குப் புற்றுநோய், திருவனந்தபுரத்தில் சிகிச்சை. ஆண்களுக்கு விடுப்பே கிடையாதா?

பதில்: தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன், மேலே சொன்ன 240 நாளும் பெண்களுக்கான கூடுதல் 2 வருஷமும் ஆண் ஆய்வாளருக்கு இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பும் ஆண்களில் தனியாகக் குழந்தை வளர்ப்பவருக்கு மட்டும். உங்களுக்கு இருப்பது ஈட்டிய விடுப்பு, அரைச் சம்பள விடுப்பு, பிஎச்.டி.யில் எல்லோருக்கும் பொதுவான மறுபதிவு. கீமோ தேதிகள் முன்கூட்டியே தெரியும் என்பதால் அந்த அட்டவணையைத் துறைத் தலைவரிடம் கொடுத்து, அந்த வாரப் பாடங்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதை "பேங்க் வேலை" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏன் வெட்கம்?

கேள்வி: நான் ஒரு கைடு, சித்தூர் தாலுகா. என் மாணவிக்குக் கைக்குழந்தை. சலுகை கொடுத்தால் மற்ற மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: சலுகையை அவளுக்கு மட்டும் கொடுத்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள், எல்லோருக்குமாக ஆக்கிவிடுங்கள். குழுக் கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைக்காமல் காலை பதினொன்றுக்கு வையுங்கள், வர முடியாதவர் வீடியோவில் சேரட்டும், யாருக்கு வீட்டில் எது வந்தாலும் இதே ஏற்பாடு என்று சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு பைபாஸ் என்று நாளை இன்னொரு பையன் வந்து நிற்பான், அன்றைக்கு யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "பாவம், கைக்குழந்தை இருக்கிறது" என்று அவளுடைய கருத்தரங்கையும் கட்டுரையையும் நீங்களாகவே இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கேளுங்கள். டெல்லிக்குப் போக முடியாது என்பதை அவள் சொல்லட்டும், உங்கள் இரக்கம் சொல்ல வேண்டாம். நல்ல மனசோடு செய்யும் இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன், அந்தப் பெண் இன்றும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள், ஆனால் அளந்து பேசுகிறாள்.

கேள்வி: கல்யாணம், குழந்தை, மாமனார் என்று ஆராய்ச்சியை விட்டு எட்டு வருஷம் ஆகிவிட்டது. இயற்பியல். இப்போது 38. திரும்ப முடியுமா? — புத்தூர், ஆந்திரம்

பதில்: முடியும். பிஎச்.டி. சேர யு.ஜி.சி. வயது வரம்பு வைக்கவில்லை. ஜே.ஆர்.எஃப்.க்கு வயது 30, பெண்களுக்கு 5 வருஷத் தளர்வு, அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது. ஆனால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்கள் அறிவியல் படித்த பெண்களுக்கென்றே உள்ளவை, இடைவெளி விழுந்தவர்களையும் மனதில் வைத்து வந்தவை. அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். விண்ணப்பத்தில் அந்த எட்டு வருஷத்தை ஒளிக்காமல் எழுதுங்கள், மாமனாரைப் பார்த்துக்கொண்டேன் என்றே எழுதுங்கள். பழைய கைடுக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள், எட்டு வருஷம் கழித்து என்ன நினைப்பாரோ என்று தயங்காதீர்கள், அவர் பெரும்பாலும் உங்கள் தலைப்பு என்னவென்றுதான் முதலில் கேட்பார்.