“பேப்பர் கஷ்டம்”, “வயசு போட்டுது”: காரணம் சொல்லும் கலை
வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த ஐந்து கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். கேட்டவர்களின் வயதும் தொழிலும் வேறு வேறு. ஆனால் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: சரிவந்தாலும் பிழைத்தாலும் அதற்கு என்ன காரணம் சொல்வது?

கேள்வி: மகன் ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் மாதிரிப் பேப்பரில் 150 எடுத்தால் “நான் கெட்டிக்காரன்” என்கிறான். 110 எடுத்தால் “பேப்பர் கஷ்டம், பக்கத்தில இருந்தவன் கதைச்சவன்” என்கிறான். சாட்டுச் சொல்லப் பழகிவிட்டானா? (உப்புவெளி வாசகி)

பயப்படாதீர்கள், இந்த வயதின் சுபாவம் அது. 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 266 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெற்றியைத் தன் பக்கம் இழுத்துத் தோல்வியை வெளியே தள்ளும் பழக்கம் எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளிடமும் 55 தாண்டியவர்களிடமும்தான் கூடுதலாக இருந்தது. ஆடத் தெரியாதவள் நிலம் கோணல் என்ற கதை பேரனுக்கும் பாட்டனுக்கும் பொருந்தும். நடுவில் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஆசிய நாடுகளில் இந்தச் சாய்வு குறைவாகவே தெரிந்தது. பரீட்சையில் சித்தி வந்தால் “கடவுள் கிருபை” என்று சொல்லப் பழக்கிய வீடுகளில் அது குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது “பேப்பர் கஷ்டம்” பற்றியல்ல, “நான் கெட்டிக்காரன்” பற்றி. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குக் கெட்டித்தனமும் முயற்சியும் ஒன்றுதான்: கஷ்டப்பட்டுப் படிக்கிறவன் கெட்டிக்காரன். பதினொன்று, பன்னிரண்டு வயதளவில் இன்னொரு கணக்குத் தெளிவாக விளங்கிவிடும்: இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி என்றால், குறைவாகப் படித்தவன்தான் மூளைசாலி. 1970களில் உளவியலாளர் ஜோன் நிக்கல்ஸ் இதைப் படிப்படியாகக் காட்டினார். இந்தக் கணக்கு விளங்கிவிட்டால் முயற்சியே ஆபத்தாகிவிடும். படித்துக் குறைந்தால் மண்டையில் ஒன்றுமில்லை என்றாகும். படிக்காமல் குறைந்தால் மானம் தப்பும். கெட்டிக்காரன் என்று பேரெடுத்த சில பிள்ளைகள் திடீரெனக் கொப்பியைத் தொடாமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வயதின் வாசலில் கொண்டுபோய்ப் புலமைப்பரிசில் பரீட்சையை வைத்திருக்கிறோம்.

1998இல் முல்லர், டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். புதிர் சரிவந்ததும் சிலரிடம் “நீ கெட்டிக்காரன்” என்றும் சிலரிடம் “நல்லா முயன்றிருக்கிறாய்” என்றும் சொன்னார்கள். பிறகு வேண்டுமென்றே கடினமான புதிர்கள் கொடுக்க, முதல் கூட்டம் சீக்கிரம் கைவிட்டது, அடுத்த சுற்றில் முன்பைவிடக் குறைவாகவும் செய்தது. ஆகவே “கெட்டிக்காரன்” என்ற சொல்லைக் கொஞ்சக் காலம் பரணில் போடுங்கள். “பின்னக் கணக்கை இரண்டு விதமாகச் செய்து பார்த்தாய், அதுதான் வந்தது” என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

பேப்பர் திருத்தி வந்ததும் செய்ய வேண்டியது: பிழைத்த ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அவனே ஒரு எழுத்துப் போடட்டும். “தெ” என்றால் தெரியாது. “க” என்றால் தெரிந்தும் கவனம் பிசகியது. “நே” என்றால் நேரம் போதவில்லை. “வி” என்றால் கேள்வி விளங்கவில்லை. 15 நிமிடம் போதும். மூன்று பேப்பர் சேர்ந்ததும் எழுத்துகளை எண்ணுங்கள். “வி” கூடினால் கணக்கில் குறையில்லை, தமிழ் வாசிப்பில்தான் குறை. ரியூஷன் மாற்றிப் பயனில்லை. “நே” கூடினால் மணிக்கூட்டை முன்னால் வைத்துப் பத்துப் பத்துக் கேள்வியாகப் பழக்குங்கள்.

இரண்டு இடத்தில் இது பிழைக்கும். புள்ளி வந்த அன்றே, ஏச்சு விழுந்த சூட்டோடு உட்கார வைத்தால் எல்லாவற்றுக்கும் “க” போடுவான், ஏனென்றால் அதுதான் மானம் போகாத எழுத்து. ஒரு நாள் விடுங்கள். மற்றது, எழுத்தை நீங்கள் போடுவது.

கேள்வி: உயர்தரம் இரண்டாம் தடவை எழுதப்போகிறேன். தினமும் ஆறு மணித்தியாலம் படித்தும் பௌதிகவியல் ஏறவில்லை. “இன்னும் முயற்சி செய்” என்கிறார் சேர். என் மண்டைக்கு இது சரிவராதோ? (மட்டிக்களி மாணவி)

ஆறு மணித்தியாலம் படிக்கும் பிள்ளையிடம் “இன்னும் முயற்சி செய்” என்பது கெட்ட ஆலோசனை. எல்லாம் கொடுத்துவிட்டேன், இனியும் வராவிட்டால் மண்டைதான் காரணம் என்ற முடிவுக்கே அது தள்ளும்.

உளவியலாளர் பேர்னார்ட் வைனர் எந்தக் காரணத்தையும் மூன்று கேள்வியால் நிறுத்துப் பார்க்கச் சொன்னார்: அது எனக்குள்ளேயா வெளியேயா, நிலைத்ததா மாறுவதா, என் கைக்குள் அடங்குமா அடங்காதா? “மண்டை” என்பது உள்ளே, நிலைத்தது, கைக்குள் அடங்காதது. மூன்றிலும் மோசமான பெட்டி. “படித்த முறை” உள்ளேதான், ஆனால் மாறும், உங்கள் கையிலும் இருக்கிறது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, சோதித்துப் பாருங்கள்.

பழைய வினாத்தாளில் பத்துக் கட்டமைப்புக் கேள்வி எடுங்கள். குறிப்பு மூடியிருக்கட்டும். எந்த வரியில் பேனை நின்றதோ அங்கே கோடிட்டு, ஏன் நின்றது என்று இரண்டு சொல்லில் எழுதுங்கள்: விசைப்படம் வரையவில்லை, எந்தத் தத்துவம் என்று தெரியவில்லை, சமன்பாடு வந்தது ஆனால் சுருக்க வரவில்லை, அலகு பிழை. ஏழு தடவை சுருக்கும் இடத்தில் நின்றிருந்தால் உங்களுக்குப் பௌதிகவியல் வரும், அட்சரகணிதம்தான் கைகொடுக்கவில்லை. அதைச் சாதாரண தரக் கொப்பியிலிருந்து இரண்டு கிழமை செய்யலாம். ஆறு மணித்தியாலமும் குறிப்பை வாசித்தே போயிருந்தால், அதில் பாதியை மூடிவைத்து எழுதுவதற்கு மாற்றுங்கள். வாசிக்கும்போது எல்லாம் விளங்கிய மாதிரித்தான் இருக்கும்.

முதல் தடவை சறுக்கியதை எப்படி எடுப்பது? 1982இல் வில்சன், லின்வில் என்ற இருவர், முதலாண்டில் தடுமாறிய பல்கலைக்கழக மாணவர் சிலருக்கு “முதலாண்டில் பலருக்கும் புள்ளி குறையும், பிறகு ஏறும்” என்று மூத்த மாணவர் சொல்லும் வீடியோவைக் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்களில் 5 வீதமும் பாராதவர்களில் 25 வீதமும் இரண்டாமாண்டு முடிவதற்குள் படிப்பை விட்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், 40 பேர். ஆனாலும் “இது மாறும்” என்ற ஒரு தகவலுக்கு அவ்வளவு பெறுமதி.

வெளிக் காரணம் எல்லாம் சாட்டு என்றும் நினைக்க வேண்டாம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பகுதி இசட் புள்ளியை வைத்து மாவட்ட அடிப்படையில் நடக்கிறது. உங்கள் இசட் புள்ளி, அந்தப் பாடத்தை அந்த வருடம் எழுதிய மற்றவர்களையும் பொறுத்தது. வெட்டுப்புள்ளி ஒரு வருடம் ஏறுவது உங்கள் மண்டையில் நடந்த விபத்தல்ல.

கேள்வி: வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மீன் பட்டால் “நான் இடம் பார்த்துப் போட்டன்”, படாவிட்டால் “காத்துச் சரியில்ல”. இவருக்கு என்ன சொல்வது? (நிலாவெளி வாசகி)

வாடைக்காற்று மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது அவர் சொல்வது உண்மை. கடல் அமர்ந்த மாதங்களுக்கு ஒரு கொப்பி வையுங்கள்: திகதி, காற்று, வலை போட்ட இடம், வலைக்கண், மண்ணெண்ணெய் லீற்றர், மீன் கிலோ. முக்கியமானது, “இன்றைக்கு ஏன் படும்” என்ற அவருடைய கணிப்பைப் போகுமுன் எழுதுவது. திரும்பி வந்து எழுதினால் எல்லாரும் ஞானிகள்தான். 30 நாள் போதும். பேச வேண்டியதைக் கொப்பி பேசும்.

கேள்வி: வயது 68. திறப்பை எங்கே வைத்தேன் என்று மறந்தால் வீட்டில் “அப்பப்பாவுக்கு வயசு போட்டுது” என்கிறார்கள். பேரன் தினமும் தண்ணீர்ப் போத்தலைப் பள்ளியில் விட்டு வருகிறான், அவனுக்கு ஒன்றுமில்லை. (தம்பலகாமம் வாசகர்)

உங்கள் முறைப்பாடு நியாயமானது. ஒரே மறதியை இளையவர் செய்தால் “கவனமில்லை” என்றும் முதியவர் செய்தால் “மூளை தேய்கிறது” என்றும் மக்கள் எடுப்பது ஆய்வுகளிலும் தெரிந்த விடயம். வேடிக்கை, முதியவர்களே தங்களுக்கு அந்த அளவுகோலைத்தான் பிடிக்கிறார்கள். மற்றதில் எல்லாம் தன் பக்கம் சாயும் மனிதர், மறதி என்று வந்ததும் “வயசு” என்று கையைத் தூக்கிவிடுகிறார். வயது மாறாது, ஆகவே ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் செய்யாததால் திறப்பு மறுபடி தொலைகிறது.

உளவியலாளர் பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட ஆய்வில், 50 தாண்டிய 660 பேரில் முதுமையை நல்ல விதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். (ஏழரை என்றதும் சனியை நினைக்காதீர்கள், அது அடுத்த கேள்வி.)

கதவு நிலையில், கண்மட்டத்தில் ஒரு ஆணி அடியுங்கள். திறப்புக்கு அதைவிட வேறு இடம் இல்லை. வைக்கும்போது “ஆணியில் போட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திறப்பை மறப்பது பெரும்பாலும் வைக்கும்போதே பார்க்காமல் வைத்ததால்தான். குளிசைக்கு ஏழு அறைப் பெட்டி. ஆனால் பழகிய தெருவில் வழி தவறினால், ஒரே கேள்வியை அரை மணித்தியாலத்தில் மூன்று தடவை கேட்டால், பழகிய கணக்குப் பிடிபடாவிட்டால் “வயசுதானே” என்று விட வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். தைரொயிட், வைற்றமின் பி12 குறைவு, சில குளிசைகள் போன்று திருத்தக்கூடிய காரணங்களும் உண்டு.

கேள்வி: அத்தானின் கடை படுத்துவிட்டது. “ஏழரைச் சனி” என்றே இருக்கிறார். இது மூடநம்பிக்கை என்று எப்படி விளங்கப்படுத்துவது? (மூதூர் வாசகர்)

விளங்கப்படுத்த வேண்டாம். வைனரின் தராசில் போட்டால் ஏழரைச் சனி வெளியே உள்ளது, கைக்குள் அடங்காதது, ஆனால் முடியும் திகதி உள்ளது. “எனக்கு வியாபாரம் வராது” என்பதைவிட அது எவ்வளவோ மேல். மனிதர் உடைந்துபோகாமல் பிடித்து வைத்திருக்கிறது. கெடுதல், முடியுமட்டும் சும்மா இருப்பதில்தான். சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வரட்டும். வந்ததும் கடன் கொப்பியை நீங்கள் இருவரும் திறந்து, மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் பெயர்களை மட்டும் வேறு தாளில் எழுதிக் கூட்டுங்கள். கூட்டும் ஆள் அவராக இருக்கட்டும்.