வட அமெரிக்கப் பூர்வகுடியினரான அனிஷினாபே மக்களின் மொக்காசின் என்னும் மென்தோல் காலணியைக் கையால் தைக்கக் கற்பது கடினமா?

தையல் பழகிய கைக்கு இது எட்டாத வேலை அன்று. ஆனால் கால்விரல்களுக்கு மேலே வரும் கொசுவத்தை மட்டும், தெரிந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து காட்டினால்தான் பிடிபடும். கனடாவில் சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள தண்டர் பே நகரில், அனிஷினாபே மூதாட்டி ஒருவரிடம் நான் இதைக் கற்றேன்.

மரபுவழியில் மான் தோலையோ மூஸ் என்னும் பெரிய மானின் தோலையோ விலங்கின் மூளையைத் தேய்த்துப் பதப்படுத்தி, பிறகு புகையூட்டுவார்கள். புகை ஏறிய தோல் நனைந்து காய்ந்தாலும் விறைத்துப் போகாது என்பதால், பனியில் நடப்பவர்களுக்கு அது வெறும் அழகுக்கான வேலை அன்று. அத்தகைய தோல் விலை மிகுந்தது. பழகுவதற்குக் கடையில் கிடைக்கும் மென்மையான மான் தோல் போதும். முக்கோண முனையுள்ள தோல் ஊசியும் மெழுகு பூசிய நூலும் வேண்டும். முன்பு விலங்கின் தசைநாணைப் பிரித்தே நூலாக்கினார்கள்.

அடிப்பாகமும் பக்கங்களும் ஒரே துண்டாக வரும். பாதத்தின் மேல் அமர்வது நாக்கு வடிவிலான சிறிய துண்டு. பெரிய துண்டின் விளிம்பு நீளமானது, சிறியதன் விளிம்பு குட்டையானது. அந்த மிகுதியைத்தான் கொசுவமாக மடிக்க வேண்டும். இரண்டின் நடுப்புள்ளிகளையும் முதலில் பொருத்தி, அங்கிருந்து ஒரு பக்கமாகத் தைத்து முடித்து, மீண்டும் நடுவுக்கு வந்து மறுபக்கம் செல்வது நல்லது. ஊசி அடித்துண்டில் சற்று அகலமாகவும் மேல்துண்டில் நெருக்கமாகவும் ஏற, நூலை இழுத்ததும் தோல் சிறு மடிப்பாக எழும். அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் படியவைத்த பிறகே அடுத்த தையலுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் மடிப்புகள் ஒரே இடத்தில் குவிந்து, முனை கோணிவிடும். குதிகாலை மூட்டுமுன் காலில் போட்டுப் பாருங்கள். தோல் நாளடைவில் இளகும், ஆகவே தொடக்கத்தில் இறுக்கமாக இருப்பதே சரி.

மேல்துண்டில் பாசிமணிப் பூவேலை செய்வதென்றால், அதை இணைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்: ஓர் ஊசி மணிகளைக் கோக்க, மற்றோர் ஊசி அந்தச் சரத்தை இரண்டு மூன்று மணிகளுக்கு ஒருமுறை மேல்துண்டோடு பிடித்துத் தைக்கும். கொல்லப்பட்ட, காணாமற்போன பூர்வகுடிப் பெண்களுக்காகக் கனடாவில் 2013 முதல் ஊர் ஊராகச் சென்ற நினைவுக் காட்சியில், முழுக் காலணியாகத் தைக்கப்படாத 1,700க்கும் மேற்பட்ட இணை மேல்துண்டுகள் வைக்கப்பட்டன. பாதியில் நின்ற வாழ்க்கைகளை அவை குறித்தன.

காணொளிகள் உதவும்; ஆயினும் இயன்றால் ஒரு சமூக மையத்தில் அம்மக்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். பூர்வகுடிக் குழந்தைகளுக்கெனக் கனடாவில் அரசும் தேவாலயங்களும் நடத்திய உறைவிடப் பள்ளிகள் பல தலைமுறைக் குழந்தைகளைப் பாட்டிமாரிடமிருந்து பிரித்திருந்தும் காப்பாற்றப்பட்ட கலை இது. கட்டணம் அவர்களுக்கே சேரட்டும். விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பூர்வகுடியினர் அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடியினர் செய்ததாகக் கூறி விற்பது, அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.