வழி கேட்ட கிழவி

அன்புள்ள ஐயா,

சோவியத் ஜார்ஜிய இயக்குநர் தெங்கிஸ் அபுலாட்ஸேயின் ‘மனந்திரும்புதல்’ படத்தை அண்மையில் பார்த்தேன். கடைசியில் ஒரு கிழவி வந்து வழி கேட்கிறாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் இன்றுவரை கண்ணைவிட்டு அகலவில்லை. யார் அந்த நடிகை?

ம.

அன்புள்ள ம.,

அவர் வெரிகோ அஞ்சபரிட்ஸே. ஜார்ஜியாவில் ‘வெரிகோ’ என்றாலே போதும். குதாயிசியில் பிறந்தவர். அதே ஊரில் 1928இல் நாடக இயக்குநர் கோதே மர்ஜனிஷ்விலி தொடங்கிய நாடகக் குழுவின் முதல் நடிகர்களில் ஒருவர். குழு பிறகு தலைநகர் திபிலிசிக்குப் போனது. ‘உரியேல் அகோஸ்டா’ நாடகத்தில் அவர் ஏற்ற யூதித் வேடத்தை இன்றும் அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். நமக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மேடை நடிப்பு திரை விழுந்ததும் போய்விடுகிறது. நமக்கு மிஞ்சியவை படங்கள்தான்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜன்னலுக்குள் ஒரு பெண் கேக் செய்துகொண்டிருக்கிறாள். அந்தத் தெருவுக்குச் சர்வாதிகாரி வர்லாமின் பெயர். இந்தப் பாதை கோயிலுக்குப் போகுமா என்று கிழவி கேட்கிறாள். போகாது என்றதும், கோயிலுக்குப் போகாத பாதை எதற்கு என்று கேட்டுவிட்டு நடக்கிறாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாத ஒருவரின் வியப்பு. அதனால்தான் அது நெஞ்சில் தைக்கிறது.

இன்னொன்றும் நீங்கள் அறிய வேண்டும். வெரிகோவின் கணவர் இயக்குநர் மிகெய்ல் சியாவுரேலி. 1929இல் ‘சாபா’ என்ற மௌனப் படத்தில் மனைவியை நடிக்கவைத்தவர். பிற்பாடு ஸ்டாலினைத் தெய்வமாக்கிய படங்களை எடுத்தார். ‘பெர்லினின் வீழ்ச்சி’யில் ஸ்டாலின் வெள்ளைச் சீருடையில் பெர்லினில் விமானத்திலிருந்து இறங்குவார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அந்த வீட்டில் வாழ்ந்த பெண்தான், ஸ்டாலின் காலத்தைத் தோண்டியெடுக்கும் ‘மனந்திரும்புதல்’ படத்தில் கடைசிக் கேள்வியைக் கேட்கிறார். அவர் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதை அறிந்தபின் அந்த முகத்தைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இயக்குநர் பரஜானவின் ‘மாதுளையின் நிறம்’ படத்தில் கவிஞராகவும் அவன் காதலியாகவும் வரும் சோஃபிகோ இவருடைய மகள்தான். அதையும் பாருங்கள்.

1984இல் எடுத்து முடக்கிவைக்கப்பட்ட ‘மனந்திரும்புதல்’ 1987 மே மாதம் கான் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. வெரிகோ அந்த ஜனவரியிலேயே போய்விட்டார்.