மொட்டை மாடித் தண்ணீர் வால்வுகளில், எது எந்தக் குழாய்க்கு என்று எழுதியது அழியாமல் இருக்க என்ன வழி?

மார்க்கரில் எழுதியது ஆறு மாதத்தில் அழிந்துவிட்டது என்கிறீர்கள். வெயிலில் அப்படித்தான் ஆகும். ஸ்டிக்கர் உரியும், வெள்ளை நைலான் கேபிள் டை நொறுங்கும். அலுமினியத் தகட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதுங்கள். உறை உரிக்காத பழைய ஒயரால் கட்டுங்கள். வெறும் செம்புக் கம்பி பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். கைப்பிடியில் வேண்டாம், பைப்பில் கட்டுங்கள். வால்வை மாற்றினாலும் தகடு அங்கேயே இருக்கும்.

அப்புறம், ‘வால்வு 3’ என்று எழுதினால் அவசரத்தில் யாருக்குப் புரியும்? ‘போர் தண்ணீர், மாடி பாத்ரூம்’ என்று எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு வால்வாக மூடி, எந்தக் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோகிறது என்று கீழே ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். ஊகத்தில் எழுதிவிடாதீர்கள்.