பினாங்கைப் போல வரிவிலக்கு கொடுத்தால் எங்கள் மாநிலத்துக்கும் தொழிற்சாலை வருமா?

"ஈயம் போய்விட்டது, செம்பனைதான் மிச்சம். பினாங்கு மாதிரி வரிவிலக்கு கொடுத்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில் ஈயச் சுரங்கத்துக்குப் பேர்போன பேராக் மாநிலத்துக்காரர் என்று நினைக்கிறேன்.

போதாது. முன்னோடித் தொழில்களுக்கான வரிவிலக்குச் சட்டம் 1958-லேயே மலாயா முழுவதற்கும் வந்துவிட்டது. பினாங்கின் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டின் தொழிற்பேட்டையும் அறுபதுகளிலேயே இருந்தது. அங்கிருந்த ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்தவை; அதனால் வேலையும் கொஞ்சம்தான். ஈயத்தையும் ரப்பரையும் கப்பலேற்றிப் பிழைத்த பினாங்குக்கு, 1969-ல் சுங்கமில்லாத் துறைமுக உரிமையும் போனது.

அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்று பினாங்குக்காகத் தந்த 1970-இன் நாதன் அறிக்கை, ஏற்றுமதிக்குச் செய் என்றது. முதலமைச்சர் லிம் சோங் இயூ அதைப் பிடித்துக்கொண்டார். (கட்சி வக்காலத்து என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.) 1972-ல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் தடையற்ற வர்த்தக மண்டலம் எழுந்தது. சுற்றிலும் வேலி, வாசலில் சுங்கச்சாவடி. ஏற்றுமதியாகும் பொருளுக்கான மூலப்பொருளுக்குத் தீர்வை கிடையாது.

பினாங்கு பிடித்தது சிப் தயாரிப்பின் கடைசிக் கட்டத்தை மட்டும். அமெரிக்காவில் செய்த சிலிக்கான் வில்லைகள் இங்கே வந்தன. அவற்றைத் துண்டாக்கி, உலோகச் சட்டகத்தில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்த்தபடி முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இணைத்து, உறையிட்டு, சோதிக்க வேண்டும். வேலைக்கு ஆள் நிறைய வேண்டும், ஆனால் சரக்கோ எடையே இல்லை. அதனால்தான் துறைமுகத்தை விட்டு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிலம் ஒதுக்கினார்கள். முதலில் வந்த இன்டெல், ஹிட்டாச்சி, போஷ் உள்ளிட்ட எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்' என்பார்கள். கம்பி இணைத்த கிராமத்துப் பெண்களுக்குக் கிடைத்த பட்டம் 'மினா காரான்' ('கரண்ட் மினா') என்ற கேலிதான். எரிச்சலாக வருகிறது.

வேரூன்றியது அதற்கப்புறம். இயந்திரத்துக்குப் பிடிப்பானும் அச்சும் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். உள்ளூர்ப் பட்டறைகள் அதைச் செய்து கொடுக்கப் பழகின. வேலிக்கு உள்ளே தீர்வையில்லாமல் வரும் இறக்குமதிச் சாமானோடு, தீர்வை கட்டிய இரும்பை வைத்துக்கொண்டு வெளியே இருப்பவன் போட்டிபோட வேண்டியிருந்தது. மண்டலம் போடுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

1985 மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தது. 1989-ல் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கினார்கள். மாநிலம் இடம் கொடுத்தது, நிறுவனங்கள் இயந்திரமும் பயிற்றுநரும் கொடுத்தன. என்ன கற்பிப்பது என்பதையும் நிறுவனங்களே சொல்லின.

உங்கள் மாநிலத்தில் காலி நிலத்தை அளப்பதற்கு முன், ஈயச் சுரங்கக் காலத்து வார்ப்பாலைகளிலும் கடைசல் பட்டறைகளிலும் எத்தனை இன்னும் மூச்சோடு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.