அக்காவை அழ விடுங்கள்

கேள்வி: எல்லாவற்றையும் மனதுக்குள் போட்டுப் புழுங்குபவர்களுக்குத்தான் புற்றுநோய் வரும் என்று உளவியல் ஆராய்ச்சி நிரூபித்திருக்கிறதாமே? என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், சிகிச்சையில் இருக்கிறார். அடிக்கடி அழுகிறார். "பாசிட்டிவ்வாக இரு, அப்போதுதான் குணமாகும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். கேட்கவே மாட்டேன் என்கிறார். அவரை எப்படி மாற்றுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அக்காவை மாற்ற வேண்டாம். அந்த 'நிரூபித்திருக்கிறது' இருக்கிறதே, முதலில் அதைப் பார்த்துவிடலாம். எனக்குக் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

யார் நிரூபித்தது? இந்தக் கதைக்கு விஞ்ஞான மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் ஐசென்க். லண்டன் பேராசிரியர், தன் காலத்து உளவியலாளர்களில் மிகப் பிரபலமானவர். அவரும் ஜெர்மனியில் இருந்த ரொனால்ட் கிராஸார்த்-மாட்டிசெக்கும் சேர்ந்து, 'புற்றுநோய்ச் சுபாவம்' (அதாவது உணர்ச்சியை உள்ளுக்குள் அடக்கி வைக்கும் குணம்) உள்ளவர்கள் அந்த நோயால் சாக மற்றவர்களைவிட 121 மடங்கு வாய்ப்பு உண்டு என்று எழுதினார்கள். அதோடு விட்டார்களா? சுபாவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் துண்டுப் பிரசுரத்தைப் படித்தவர்களிடம் சாவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்றார்கள். துண்டுப் பிரசுரம்! ஒரு மருந்துக் கம்பெனி இப்படிச் சொல்லியிருந்தால் மறுநாளே கணக்கைக் காட்டு என்று கேட்டிருப்பார்கள். பெலோசி, ஆப்பிள்பி என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1992இலேயே கேட்டார்கள். கிங்ஸ் காலேஜ் லண்டன் விசாரணை நடத்தி, ஐசென்க்கும் கிராஸார்த்-மாட்டிசெக்கும் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகளை நம்ப முடியாது என்று அறிவித்தது 2019இல். ஐசென்க் இறந்தே 22 ஆண்டு ஆகியிருந்தது.

ஐசென்க் புகையிலைக் கம்பெனிகளிடம் பணம் வாங்கியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய்க்குக் காரணம் சுபாவம் என்றால் சிகரெட்டுக்கு விடுதலை, அவ்வளவுதான் கணக்கு. எப்போதும் அவசரப்படுகிற, எரிந்துவிழுகிற 'ஏ வகை' மனிதர்களுக்கு மாரடைப்பு வரும் என்று 1950களின் இறுதியில் ஃபிரீட்மன், ரோசன்மன் என்ற இதய மருத்துவர்கள் ஒரு கோட்பாடு சொன்னார்களே, அந்த ஆராய்ச்சிக்கும் பிற்பாடு பிலிப் மோரிஸ் பணம் கொடுத்தது. ஆக, வாயை மூடிக்கொண்டிருந்தால் புற்றுநோய், வாயைத் திறந்து கத்தினால் மாரடைப்பு, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கவலைப்பட்டால் அல்சர். இந்த அல்சர் கதையைப் பல்லாண்டு காலம் டாக்டர்களே சொன்னார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று நம்பவைக்க, 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் அந்தப் பாக்டீரியாவை எடுத்துக் குடித்து, தன் வயிற்றிலேயே அழற்சியை வரவழைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவருக்கும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. டென்ஷனைக் குறைத்துக்கொள் என்று திட்டு வாங்கிய அத்தனை நோயாளிகளிடமும் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களோடு எனக்குள்ள சண்டை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 'மனம் வைத்தால் நோய் ஓடும்' என்று தொடர் எழுத முன்வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதற்கு இன்றுவரை மேடைக்கு மேடை என்னைத் திட்டுகிறார். திட்டட்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் காய்ன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வைத்தான் அவருக்கு அனுப்பி வைத்தேன். தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேர். அவர்களுடைய மனநிலைக்கும் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. மேடையில் மனம் வைக்கச் சொல்பவர், ஒருவர் செத்துப்போனால் அவர் மனம் வைக்கவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறார். அதை அந்த வீட்டில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மனத்துக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளர் 394 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார், மன அழுத்தம் அதிகம் இருந்தவர்களை அது அதிகமாகப் பிடித்தது. 1991இல் வந்த அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் ஜலதோஷத்தில் கண்டதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புற்றுநோய் வார்டில் வைக்கக் கூடாது.

சரி, உங்கள் அக்கா விஷயம். பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் ஆயுள் கூடுகிறது என்று டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1989இல் சொன்னார். கனடாவில் புற்றுநோய் மருத்துவர் பமேலா குட்வின் 235 பெண்களை வைத்துச் சோதித்து 2001இல் வெளியிட்டபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மன வேதனை குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது, அதிலும் ஆரம்பத்தில் ரொம்ப வாடியிருந்தவர்களுக்கு. அது போதாதா? அந்தக் குழுக்களில் பெண்கள் பயத்தையும் துக்கத்தையும் வெளிப்படையாகப் பேசினார்கள், சாவைப் பற்றியும் பேசினார்கள். சிரித்த முகமாக இரு என்று யாரும் மிரட்டவில்லை. உங்கள் வீட்டில் நடப்பது அதற்கு நேர் எதிர். மனதுக்குள் போட்டுப் புழுங்கக் கூடாது என்று நீங்களே சொல்கிறீர்கள், அவர் அழுதால் அதையும் நிறுத்தச் சொல்கிறீர்கள்.

அவர் அழும்போது பக்கத்தில் உட்காருங்கள், பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூக்கமே இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டு வாரக்கணக்கில் போனால், அல்லது செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவர் சொன்னால், உடனே அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. கட்டி கரைந்தாலும் கரையாவிட்டாலும் அது அவருக்குக் கிடைக்க வேண்டும்.